நாய் விஷம் தின்றால் முதல் ஒரு மணி நேரம்

(புதுச்சேரியில் கூடிய கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய உரை)



நமது கூட்டங்களில் விதை, உரம், கடன் தவணை, பால் வியாபாரம் ஆகியவற்றைக் குறித்துப் பேசுவதே வழக்கம். இன்று நாயைக் குறித்துப் பேசப்போகிறேன் என்றதும் உங்களில் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறேன். நாய்க்கும் நமது சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இரண்டு உண்டு. நாய் நமது மாட்டுக் கொட்டகையையும் களத்தையும் காவல் காக்கிறது என்பது ஒன்று. அதனைக் கொல்லும் விஷத்தில் பெரும்பகுதி நாம் வாங்கி விற்கும் சரக்கே என்பது மற்றொன்று.

காவலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. திருவண்ணாமலை ஜில்லாவில் செங்கத்தை அடுத்த எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. அது மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாட்டு மந்தையைக் காக்கும் பூசலில் உயிர் நீத்த வீரன் ஒருவனுடைய உருவத்தோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்று காத்த அவனுடைய நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்லெழுத்துக் கூறுகிறது. கள்வரை எதிர்த்த நாய்க்குக் கல் நட்டார்கள் நம் முன்னோர். நம் காலத்து நாயோ கள்வர் கையால் இறப்பதைவிட, திண்ணையோரத்தில் வைத்த எலி மருந்தால் இறப்பதே எளிதாயிருக்கிறது.

வீட்டில் நடப்பது என்ன?

ஒரு குடியானவர் வீட்டை மனத்தில் கொள்ளுங்கள். இரவில் நெற்குதிருக்கு அருகே எலிக்காக மருந்து கலந்த கருவாட்டுத் துண்டை வைத்தார்கள். விடியற்காலையில் கருவாட்டைக் காணோம். நாயின் வாயில் நுரை தெரிகிறது. வீட்டுக்காரர் பதறுகிறார். "எண்ணெய் ஊற்றுங்கள்" என்கிறார் ஒருவர். "உப்பைக் கரைத்து ஊற்று" என்கிறார் மற்றொருவர். "புளித்தண்ணீர் கொடுத்தால் விஷம் முறிந்துவிடும்" என்கிறார் மூன்றாமவர். அடுத்த வீட்டிலிருந்து ஒரு செம்பு பால் வருகிறது. நாலு பேர் நாயைப் பிடித்து, தாடையைத் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் ஊற்றுகிறார்கள். ஒரு மணி நேரம் கழிகிறது. பிறகுதான் வண்டி தேடுகிறார்கள். எலி மருந்துப் பொட்டலம் எங்கே என்று மிருக வைத்தியர் கேட்கும்போது, அது குப்பையோடு எரிந்துபோயிற்று என்று தெரிய வருகிறது.

இவர்கள் எல்லோரும் அன்பினாலேயே இவ்வாறு செய்தார்கள். ஆயினும் நாய்க்கு இரண்டாம் முறை விஷம் கொடுத்தவர்கள் இவர்களே. இதனை ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

எண்ணெயையும் பாலையும் பலவந்தமாக ஊற்றினால், அவை இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழலில் இறங்கிச் சுவாசப்பையைக் கெடுக்கும். மயக்கமோ நடுக்கமோ உள்ள நாய்க்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். மேலும், மஞ்சள் பாஸ்பரஸ் என்னும் எலிப் பசையைத் தின்ற நாய்க்குக் கொழுப்புள்ள எதனைக் கொடுத்தாலும் விஷம் விரைவில் உடலில் சேரும்.

உப்புக் கரைசல் வாந்தி எடுக்கச் செய்யும் என்பது பழைய நம்பிக்கை. வாந்தி வராவிட்டால் அவ்வளவு உப்பும் இரத்தத்தில் சேர்ந்து மூளையைத் தாக்கும். உப்பு மிகுதியினால் வலிப்பு வந்து இறந்த நாய்கள் உண்டு.

புளியைப் பற்றிச் சொல்வது உங்களுக்குப் புதிதாயிருக்கலாம். திராட்சைப் பழமும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம், காரணம்தான் தெரியாதிருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாயிருக்கலாம் என்று 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்தியர்கள் எடுத்துக்காட்டினார்கள். அவ்வமிலம் மிகுதியாயுள்ள புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதை அவர்கள் கண்டார்கள். ஆகையால் நாம் மருந்தென்று ஊற்றும் புளித்தண்ணீரே நாய்க்குத் தனி விஷமாகக்கூடும்.

ஆதலின் முதல் விதி இது: வைத்தியர் சொல்லாமல் நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பச்சைத் தண்ணீரையும் பலவந்தமாகக் கொடுக்கலாகாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நாயை விஷத்தினின்றும் அகற்றிக் காற்றோட்டமான இடத்தில் கட்டுங்கள். மற்ற நாய், பூனை, கோழி, குழந்தை ஆகியோர் அவ்விடத்தை அணுகாதபடி செய்யுங்கள். வாயோரத்தில் தெரியும் மிச்சத்தை, கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு துடைத்தெடுங்கள்.

இரண்டாவதாக, மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எதைத் தின்றது? எவ்வளவு தின்றது? எத்தனை மணிக்குத் தின்றது? நேரில் பார்க்காவிட்டால், கடைசியாக நாயைச் சுகமாகக் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாயின் எடையும் தேவை. வைத்தியர் மருந்தின் அளவை எடையைக் கொண்டே நிர்ணயிப்பார்.

மூன்றாவதாக, உடனே மிருக வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து இவ்விடைகளைச் சொல்லுங்கள். நாய் நன்றாயிருப்பதுபோலத் தோன்றினாலும் அழையுங்கள். குறி தெரியட்டும் என்று காத்திருப்பதே பல உயிர்களைப் போக்குகிறது.

நான்காவதாக, பொட்டலம், புட்டி, மேலட்டை, உள்ளிருக்கும் துண்டுப் பிரசுரம், மிச்சமுள்ள மருந்து ஆகியவற்றை ஒரு பையில் கட்டி நாயோடு கொண்டுபோங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதிலும் சிறிது வேறொரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். செடியைத் தின்றிருந்தால் ஒரு கிளையை ஒடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, வண்டியில் நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாந்தி வெளியே வழியும்படி தலையைச் சற்றுத் தாழ்த்துங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் கையையோ கரண்டியையோ விட வேண்டாம். வாந்தி எடுக்கும் நாயின் வாயைக் கட்டவும் கூடாது. மருந்து உடம்பின்மேல் சிந்தியிருந்து நாய் விழிப்போடு இருந்தால், கையுறை அணிந்து, சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவிய பின் கொண்டுபோங்கள். கழுவாவிட்டால் நாய் அதனை நக்கி மறுபடியும் விஷத்தை உட்கொள்ளும்.

வாந்தி எடுக்கச் செய்யலாமா?

இக்கேள்வியைக் கேட்காதவர் இல்லை. தின்ற ஒன்றிரண்டு மணிக்குள், நாய் நல்ல விழிப்போடு இருந்தால், வாந்தியினால் பயன் உண்டு. அதனை வைத்தியர் ஊசி மருந்தினால் செய்விப்பார். மயங்கிய நாய், நடுங்கும் நாய், மூச்சுத் திணறும் நாய் ஆகியவற்றை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், கழிப்பறை கழுவும் அமிலம், வெளுப்புத் தூள் ஆகியவற்றை உட்கொண்ட நாயையும் அவ்வாறே விட்டுவிட வேண்டும். அவை உள்ளே போகும்போது ஒரு முறை புண்ணாக்கும். வெளியே வரும்போது மறுமுறை புண்ணாக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடுக்கலாம் என்று சிலர் படித்திருக்கலாம். அயல்நாட்டார் சொல்வது 3 சதவீதக் கரைசல். நம்முடைய மருந்துக் கடைகளில் அதற்கு இரட்டிப்பு வலுவுள்ள 6 சதவீதக் கரைசலும் விற்கப்படுகிறது. அதனை அறியாமல் ஊற்றினால் இரைப்பை வெந்துபோகும். வைத்தியர் தொலைபேசியில் அளவு சொன்னாலன்றி அதனைத் தொடாதீர்கள்.

அடுப்புக் கரியை அரைத்துக் கொடுப்பதும் வீண். வைத்தியர் உபயோகிப்பது தனி முறையில் பக்குவம் செய்த கரி. நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 1 முதல் 4 கிராம் வரை அது வேண்டியிருக்கும். சமையலறைக் கரிக்கு விஷத்தைப் பற்றி இழுக்கும் அந்தச் சக்தி இல்லை.

விஷங்கள் பலவகை

எல்லா எலி மருந்தும் ஒன்றே என்று நினைப்பது பெரும் பிழை. துத்தநாக பாஸ்பைடு என்பது கருநிறத் தூள். இரைப்பையிலுள்ள அமிலம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு கிளம்பும். உணவு கொடுத்தால் அமிலம் அதிகமாகச் சுரந்து வாயுவும் பெருகும். ஆகையால் அந்நாய்க்கு ஒரு கவளமும் கொடுக்கக் கூடாது. அது எடுக்கும் வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் கேடு செய்யும். எனவே வண்டியின் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வாந்தியை முகர்ந்து பார்க்காதீர்கள்.

புரோமடியோலோன் என்பது கட்டியாக விற்கப்படும் எலி மருந்து. இதனைத் தின்ற நாய் மூன்று நான்கு நாட்கள் வரை ஓடியாடிக்கொண்டிருக்கும். அதற்குள் இரத்தம் உறையும் சக்தி குறைந்து, பிறகு மூக்கிலும் மலத்திலும் இரத்தம் காணும். மார்புக்குள் இரத்தம் கசிந்து மூச்சு முட்டும். இதற்கு வைட்டமின் கே-1 நல்ல மாற்று மருந்து. ஆனால் அதனை வாரக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும். நாய் தேறிவிட்டதென்று ஒரு வாரத்தில் நிறுத்துகிறவர் அதனை இழப்பார்.

மஞ்சள் பாஸ்பரஸ் பசை இன்னும் வஞ்சகமானது. முதல் நாள் வாந்தி. அடுத்த ஒன்றிரண்டு நாட்கள் சுகம் போன்ற தோற்றம். அதன் பின் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை. நடுவில் வரும் அந்தச் சுகத்தை நம்பக் கூடாது.

பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளிலும் குருணை மருந்துகளிலும் பல, நரம்புகளைத் தாக்குவன. வாயில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், மலமும் சிறுநீரும் தம்மையறியாமல் போகும், கண்மணி சிறுக்கும், உடல் நடுங்கும், மூச்சு நின்றுவிடும். நிமிஷங்களில் முடிந்துவிடக்கூடிய விஷம் இது. ஆயினும் அட்ரோபின் என்னும் ஊசி மருந்து இதற்குச் சிறந்த மாற்று. காலத்தில் போட்டால் சாகக் கிடந்த நாய் எழுந்து நிற்பதுண்டு. ஃபோரேட் என்னும் குருணை மருந்து 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31 முதல் நமது நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய பை எதுவும் உங்கள் மோட்டார்க் கொட்டகையின் மூலையில் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

நாய் விரும்பித் தின்னும் விஷம் ஒன்றும் நம்மிடம் உண்டு. அதுதான் உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கு. எண்ணெய் பிழிந்தெடுத்தாலும் ஆமணக்கின் நஞ்சு எண்ணெயோடு போகாது, புண்ணாக்கிலேயே தங்கும். தென்னை மரத்தடியில் இட்ட புண்ணாக்கைத் தோண்டித் தின்னும் நாய்க்கு இரத்தபேதி வரும். இட்ட உரத்தை ஆழமாக மண்மூடி வையுங்கள். அரளியில் வேர் முதல் விதை வரை எல்லாம் இருதயத்தைத் தாக்கும் விஷமே.

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு விஷம் வேறு உருவில் வருகிறது. புதுச்சேரியின் ரொட்டிக் கடைகளிலும் மிட்டாய்க் கடைகளிலும் வாங்கும் சாக்லேட், நாய்க்கு ஆகாது. கறுப்புச் சாக்லேட்டில் கிராம் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் தியோபுரோமின் உண்டு. நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தால் வாந்தியும் பதைபதைப்பும் தொடங்கும். எனவே 10 கிலோ நாய்க்கு 40 கிராம் கறுப்புச் சாக்லேட்டே போதும். 120 கிராம் தின்றால் வலிப்பு வரலாம். உலர்ந்த திராட்சை போட்ட கேக்கும் கூடாது. சர்க்கரையில்லாத மிட்டாயில் சேர்க்கும் சைலிடால் என்னும் இனிப்பு, அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்து அதனை வீழ்த்தும். வெங்காயமும் பூண்டும் சில நாட்களில் இரத்தத்தைக் கெடுக்கும். நாம் தின்னும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பதும் விஷமிடுவதற்கு ஒப்பாகும்.

ஓர் எச்சரிக்கை

நுரை தள்ளும் நாயெல்லாம் விஷம் தின்ற நாய் என்று எண்ணிவிடாதீர்கள். வெறிநோய் கொண்ட நாய்க்கும் வாயில் எச்சில் ஒழுகும், நடை தடுமாறும். தடுப்பூசி போடாத நாயோ, உங்களுக்குத் தெரியாத தெரு நாயோ அவ்வாறிருந்தால், அதன் வாயைத் தொடாமல் விலகி நின்று மிருக வைத்தியரை அழையுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே மனித ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நாயின் உயிர் பெரிது. அதைக் காப்பாற்றப் போகிறவர் உயிர் அதனினும் பெரிது.

வேண்டுமென்றே இறைச்சியில் விஷம் வைத்துத் தெரு நாய்களைக் கொல்வோரும் உண்டு. மிருகங்களைக் கொடூரமாகக் கொல்வது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டப்படி குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, மிருகத்துக்கு விஷமிட்டுக் கேடு செய்வோருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடந்தருகிறது. தெருவில் எறிந்த விஷம் யாருடைய நாயைக் கொல்லும், யாருடைய குழந்தையின் கைக்குப் போகும் என்று எறிந்தவருக்கும் தெரியாது.

சங்கம் செய்யக்கூடியது

நிற்க. ஒவ்வொருவரும் தனியே செய்வதைவிடச் சங்கமாகச் செய்யக்கூடியவை சில உண்டு.

நமது கடையில் விற்கும் பூச்சி மருந்துப் புட்டியின் மேல் சாய்சதுரக் குறி ஒன்றைக் காண்பீர்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971-இல் ஏற்பட்ட விதிகள் அதனைக் கட்டாயமாக்கின. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயிருந்தால் கொடிய விஷம், மஞ்சளாயிருந்தால் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த விஷம். மாற்று மருந்து இன்னதென்பதும் அதனோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே மருந்தைப் பிரித்துக் காகிதத்தில் மடித்து விற்பதை நமது சங்கக் கடைகள் அடியோடு நிறுத்த வேண்டும். ஐம்பது கிராம் கேட்கிறவருக்குப் பொட்டலம் மடித்துக் கொடுக்கும்போது, மாற்று மருந்தின் பெயரைக் கிழித்தெறிந்துவிட்டு விஷத்தை மட்டும் கொடுக்கிறோம். பழைய குடிநீர்ப் புட்டியில் மருந்தை ஊற்றிக் கொடுப்பதும் அத்தகையதே.

விற்ற மருந்தின் பெயரை ரசீதில் தெளிவாக எழுதிக் கொடுக்கலாம். பொட்டலம் தொலைந்தாலும் ரசீது பேசும். சங்கத் தராசில் ஓர் ஞாயிற்றுக்கிழமை அங்கத்தினர்களின் நாய்களை நிறுத்து எடையைக் குறித்துக் கொடுக்கலாம். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். வெறிநோய்த் தடுப்பூசிக்கும் அதே நாளை வைத்துக்கொள்ளலாம்.

சங்கக் கட்டடத்தின் சுவரில், அருகிலுள்ள மிருக வைத்தியசாலையின் எண்ணையும், இரவில் வரக்கூடிய வண்டிக்காரரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நமது பிரதேசத்தில் குருமாம்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் தொடங்கப்பட்டது. அதனோடு சேர்ந்த வைத்தியசாலையும் உண்டு. மத்திய சர்க்காரின் நடமாடும் மிருக வைத்திய வண்டித் திட்டத்துக்கு 1962 என்பது தொலைபேசி எண். எந்த வைத்தியசாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும், வண்டி உங்கள் ஊருக்கு வருமா என்பவற்றை இப்பொழுதே அழைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாய் துடிக்கும்போது விசாரிக்க நேரமிராது.

எலி மருந்து வைப்பவர்கள், எலி மட்டும் நுழையக்கூடிய குழாயிலோ மூடிய பெட்டியிலோ வையுங்கள். காலையில் மிச்சத்தையும் செத்த எலியையும் எடுத்து ஆழப் புதையுங்கள். செத்த எலியைத் தின்றும் நாய் சாகும்.

சகோதர சகோதரிகளே! நான் சொன்னவை யாவும் நினைவில் நில்லாவிட்டாலும் இரண்டு மட்டும் நிற்கட்டும். நாய் விஷம் தின்றதாகச் சந்தேகம் வந்தால், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள். இன்று வீடு திரும்பியதும், விளக்கேற்றும் முன்னர், உங்கள் வீட்டில் எந்த விஷம் எந்த மூலையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். அவ்வளவு செய்தீர்களானால் நான் இங்கு வந்து பேசியது வீணாகாது.